சைக்கிள் படம் போட்ட ரெக்கார்டு

செப்டம்பரில் கடைசிக் குடையையும் மடக்கிக் கொட்டகைக்குள் தள்ளிய மறுநாள், எங்கள் கடற்கரையில் ஒரு ரெக்கார்டைக் கடலில் எறிவோம். ரிமினிக்கு வடக்கே மற்றக் கரைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் சீசன் முடிந்தால் நாற்காலியைக் கழுவி அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். நாங்கள் ரொசால்பாவின் பாட்டுகளில் எது முதல், எது கடைசி என்று தீர்த்துவிட்டுத்தான் போவோம்.

ரொசால்பா த்ரெவீசி பக்கத்து ஊர்க்காரி. தகரக் கூரை போட்ட நடனக் கொட்டகைகளில் பாடிக்கொண்டிருந்தவள் மிலானோவுக்குப் போனாள், நாடு முழுக்கத் தெரிந்தவளானாள். வருஷா வருஷம் மே மாதத்தில் அவளுடைய புது ரெக்கார்டு வரும். சின்ன ரெக்கார்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. எங்கள் காபிக் கடையில், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில், மேல் வரிசை முழுவதும் அவளுக்கே. ஆனால் அந்த வரிசையில் பத்து ரெக்கார்டுதான் நிற்கும். அடுத்த மே மாதம் புதுசு வந்து உட்கார வேண்டுமானால், செப்டம்பரில் ஒன்று எழுந்து போக வேண்டும்.

எது போவது என்பதில் முதல் வருஷம் கைகலப்பே வந்துவிட்டது. அதன்பிறகுதான் ஒரெஸ்தே சிப்பி முறையைக் கொண்டுவந்தான். ஒரெஸ்தே குடை வரிசைகளைப் பார்த்துக்கொள்பவன். வாய் ஓயாது, ஆனால் நியாயம் தெரிந்தவன். கடையின் நீள மேசையில் பத்து அட்டைகளையும் வரிசையாக வைப்போம். ஒவ்வோர் அட்டைக்கு முன்னாலும் ஒரு கண்ணாடித் தம்ளர். இந்தக் கரையில் யார் எத்தனை சீசன் வேலை செய்தாரோ அவர் கையில் அத்தனை சிப்பி. பிடித்த பாட்டின் தம்ளரில் போட வேண்டியது. மொத்தமாகவும் கொட்டலாம், பிரித்தும் போடலாம், ஆனால் எல்லார் கண் முன்னாலும். சிப்பி குறைந்த ரெக்கார்டை லைஃப்கார்டு எடுத்துப்போய், கடலுக்குள் நீளும் கல்லணை முனையிலிருந்து வீசுவான். ஒரே ஒரு தடைதான் உண்டு. "எனக்காக இதுக்குப் போடு" என்று யாரும் யாரிடமும் கேட்கக் கூடாது. கேட்டவர் அடுத்த சீசனில் முதல் வாரம் முழுக்கக் கணவாய் மீன் கழுவ வேண்டும். அந்த மை நகத்துக்குள் போனால் எத்தனை நாளைக்கு நாறும் என்று தெரிந்த யாரும் கேட்க மாட்டார்கள்.

எழுத்து என் கண்ணுக்குப் பழகவில்லை, அதனால் பாட்டின் பெயரெல்லாம் எனக்கு அட்டைப் படம்தான். எங்கள் கரையில் படித்தவர்களும் அப்படியேதான் சொன்னார்கள். சிவப்பு ஸ்கார்ஃப், படகு, மஞ்சள் குடை, சைக்கிள்.

இந்தச் சைக்கிளுக்காகத்தான் ஜெம்மா ஒரு கோடை முழுக்கப் போராடினாள்.

ஜெம்மா என் தம்பி நெவியோவின் மனைவி. கடற்கரைப் பெண் இல்லை. மேலே மலைப்பக்கம், ஆடு வைத்திருந்த வீடு. சின்ன வயதிலேயே விடுதியில் படுக்கை விரிக்கிற வேலைக்கு இறங்கி வந்தாள். குள்ளம். மரப்பெட்டி மேல் ஏறி நின்றுதான் காபி மெஷினை இழுப்பாள். நெவியோவைக் கட்டிக்கொண்ட பிறகு இருவருமாக இந்தக் கடையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். கல்லாவும் எண்ணெய்ச் சட்டியும் அவளுக்கு. மாவு பிசைந்து பியாதீனா ரொட்டி சுடுகிற கல் எனக்கு. கடலும் குளிக்கிறவர்களும் லைஃப்கார்டு நெவியோவுக்கு.

அவள் எப்படிப்பட்டவள் என்று ஒன்று சொல்கிறேன். ஒரு நவம்பரில் கடல் பொங்கிக் கடைக்குள் புகுந்து, எங்கள் காபி மேடையையே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தோம். ஜெம்மா ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தெற்கே நடந்தாள். மூன்று கரை தள்ளி ஒருவன் அதை நிமிர்த்தி வைத்து, அதன் மேல் தக்காளி காயப்போட்டிருந்தான்.

"எங்க மணல்ல ஒதுங்கினது, எங்களோடது," என்றானாம்.

"அடியில கையை விட்டுப் பாரு. வலது மூலையில சூயிங் கம் ஒட்டியிருக்கும். என் புருஷன் ஒட்டினது. எத்தனை தடவ திட்டியிருக்கேன் தெரியுமா? அதை மட்டும் வேணும்னா நீ வச்சிக்க."

அவன் கையை விட்டுப் பார்த்தான். அன்று மாலை அவனும் அவன் தம்பிகளுமே அந்த மேடையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கடையில் இறக்கினார்கள். ஜெம்மா முன்னால் நடந்து வந்தாள்.

இப்போது சைக்கிளுக்கு வருகிறேன். நெவியோ கல்யாணத்துக்கு முன் குளிர்காலங்களில் நடனக் கொட்டகை வாத்தியக் குழுவில் சாக்ஸபோன் வாசித்தவன். அந்தக் குழுவோடுதான் ரொசால்பாவும் பாடினாள். அவளுடைய முதல் ரெக்கார்டுகளில் ஒன்றைப் போலோன்யாவில் போட்டபோது, "என் ஆளுங்க வாசிச்சாத்தான் பாடுவேன்" என்று அடம்பிடித்து இவர்களையே கூட்டிப்போனாள். அட்டையில் அவள் சைக்கிள் மேல் கால் ஊன்றி நிற்பாள். பின்னால் ஐந்து பேர் மங்கலாகத் தெரிவார்கள். ஓரத்தில் பாதி முகம் வெட்டுப்பட்டவன் என் தம்பி.

பாட்டின் நடுவில் ரொசால்பா ஒரு சொல்லை நீட்டி இழுத்து முடிப்பாள். அது முடிந்து ஒரு மூச்சு விட்ட பிறகு சாக்ஸபோன் தனியாகப் புறப்பட வேண்டும். நெவியோ காத்திருக்கவில்லை. அவள் சொல் வாயில் இருக்கும்போதே, "பாஆம்" என்று உள்ளே நுழைந்துவிட்டான். வாடகை அறை, நேரம் போய்விட்டது. போகட்டும் விடு என்று அப்படியே ரெக்கார்டு போட்டுவிட்டார்கள்.

அந்த ரெக்கார்டு எடுபடவில்லை. மிலானோக்காரர்கள் ரொசால்பாவை மட்டும் அழைத்துக்கொண்டார்கள். குழு அந்தக் குளிர்காலமே கலைந்தது. கலைந்த அன்று குழுத் தலைவர், "ஒருத்தனுக்குக் கொஞ்சம் பொறுத்திருக்கத் தெரியல" என்று மட்டும் சொன்னாராம். பெயர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நெவியோ சண்டை போட்டு ஆறியிருப்பான். வீட்டுக்கு வந்து சாக்ஸபோனைப் பெட்டியோடு குடைக் கொட்டகையில் கித்தானுக்கு அடியில் வைத்தான். அதன்பிறகு தொடவில்லை.

சிப்பி போடும்போதெல்லாம் தன் கைச் சிப்பி அத்தனையையும் சிவப்பு ஸ்கார்ஃபில் கொட்டிவிடுவான். சைக்கிள் தம்ளரைத் திரும்பியும் பார்க்க மாட்டான். ஜெம்மாவும் ஒவ்வொரு வருஷமும் தன் சிப்பியைச் சைக்கிளில் போடுவாள். யாராவது கூட ஒன்றிரண்டு போட, அது நூலிழையில் தப்பிக்கும்.

அந்த வருஷம் மே மாதத்தில் வெள்ளைக் கோட்டு வந்தது. ரொசால்பா பெரிய பனிக் கோட்டுக்குள் கன்னத்தைப் புதைத்துக்கொண்டிருக்கும் அட்டை. பாட்டு முதல் நாளே எல்லோர் வாயிலும் ஏறிவிட்டது. கடையில் பாத்திரம் தேய்க்கும் இனெஸ் அதற்கு இடுப்பை ஆட்டிக்கொண்டே தட்டுகளை அடுக்கினாள்.

ஒரெஸ்தே மேடையில் முழங்கை ஊன்றி, வானிலை சொல்பவன் மாதிரி அறிவித்தான்: "இந்த வருஷம் சைக்கிள் பஞ்சர்."

"யார் சொன்னது?" என்றாள் ஜெம்மா.

"கணக்குச் சொல்லுது. போன வருஷமே மூச்சு வாங்குச்சு. இப்ப வெள்ளைக் கோட்டு வந்தாச்சு. அதுக்குக் கீழ இருந்த ஒண்ணுதான் போகணும். கீழ இருக்கிறது எது?"

நெவியோ வாசலில் கால் மணலைத் தட்டிக்கொண்டிருந்தான். "போகட்டும்," என்றான். "எறியறவன் நான்தானே? தூரமா எறியறேன். நல்லா முழுகிப் போகும்."

ஜெம்மா கையில் இருந்த கோப்பையைத் துடைத்து முடித்தாள். அவசரமே இல்லை. "அது போகாது," என்றாள்.

"அது நல்ல பாட்டா, ஜெம்மா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு," என்றாள் இனெஸ்.

"சுமாரான பாட்டு. அதுக்காக?"

"அப்ப சுமாரானதுதானே போகணும்? நான் பாத்திரம் தேய்க்க எது உதவுதோ அதுக்குத்தான் போடுவேன். உன் சைக்கிளுக்குத் தேய்ச்சா பாதித் தட்டுல கை நின்னு போகுது. அந்த ஆளு குறுக்க வந்து ஊதறாரில்ல."

"அந்த ஆளு" இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். கடல் பக்கம் போய்விட்டான். அந்த நடையை நான் பார்த்தேன், ஜெம்மாவும் பார்த்தாள். அவன் முதுகு மறைந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, அந்த ரெக்கார்டை அவன் தன் கையால எறிஞ்சுட்டான்னா, அந்தக் கொட்டகையில இருக்கிற பெட்டியை அப்புறம் யாராலயும் திறக்க முடியாது."

"அதுக்கு என்ன பண்ணப்போற? சிப்பி கேட்டா கணவாய் கழுவணும்."

"நான் ஏன் கேட்கிறேன்?" என்றாள். "பாட்டுப் போடக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

எனக்கு அப்போது புரியவில்லை. மறுநாள் மதியம் புரிந்தது.

மதியத்தில் கொடியை இறக்கிவிடுவோம், யாரும் கடலில் இறங்கக் கூடாது. எல்லோரும் கடைப் பக்கம் பார்க்கிற நேரம். ஜெம்மா முதல் கூடை மீனை எண்ணெயிலிருந்து தூக்கி வடியவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு நேரே ஜூக்பாக்ஸிடம் போனாள். தன் பையிலிருந்து காசைப் போட்டாள், கடைக் காசை அல்ல. மேல் வரிசையில் ஓரப் பொத்தானை அழுத்தினாள். சைக்கிள் பாடத் தொடங்கியது. ரொசால்பாவின் குரலோடு பொரித்த நெத்திலி வாசனையும் குடைகளுக்கு நடுவே போயிற்று.

அதற்கு மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். கூடை மேலே வந்தால் சைக்கிள். வேறு நேரத்தில் ஒருபோதும் போட மாட்டாள். சைக்கிள் இல்லாமல் மீனும் வராது.

"இது ஏமாத்து வேலை," என்றான் ஒரெஸ்தே.

"எது? மீன் பொரிக்கிறதா?"

"மீனைக் காட்டிப் பாட்டை விக்கிறே."

"நீ வாங்காதே. உன் தட்டை இப்படிக் கொடு."

அவன் தட்டைக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

இதில் முதலில் தோற்றவன் நெவியோதான். பாட்டு தொடங்கியதும் மீட்புப் படகைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போய்விடுவான். கொடி இறங்கிய கடலில் காப்பாற்ற ஒரு நாய்க்குட்டிகூட இருக்காது. ஆனாலும் அந்த வெயிலில் துடுப்புப் போட்டுக்கொண்டு அடிவானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். பாட்டு முடிந்து இன்னொன்று ஓடிய பிறகே திரும்புவான். அதற்குள் அவன் மீன் ஆறி, சவசவவென்று ஆகியிருக்கும்.

"அவனுக்கு ரெண்டு மீனைச் சூடா எடுத்து வையேன்," என்று நானே கேட்டேன். என் தம்பி அல்லவா?

"சூடா வேணும்னா பாட்டு முடியறதுக்குள்ள வரட்டும். நான் யாரையும் தடுக்கல."

"நீ பிடிவாதக்காரி."

"உங்க தம்பி மட்டும் பஞ்சா?"

ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. ஒருவன் ஆறிய மீனைத் தின்றான், ஒருத்தி அதைத் தின்னவிட்டாள். வீட்டில் இருவரும் நன்றாகத்தான் பேசிக்கொண்டார்கள், சிரித்துக்கொண்டார்கள். மதியம் வந்தால் மட்டும் போர். குளிக்க வந்த குடும்பங்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், அந்தப் பாட்டு வந்தால் மீன் வந்துவிட்டது. மணலில் படுத்திருப்பவர்கள் எழுந்து உட்காருவார்கள், பிள்ளைகள் செருப்பைத் தேடுவார்கள். ஜெர்மன்காரர் ஒருவர், பாட்டு தொடங்கியதும் மடியில் கைக்குட்டையை விரித்துக்கொண்டு குடையடியிலேயே தயாராக உட்கார்ந்திருப்பார்.

ஆகஸ்ட் நடுவே, பண்டிகைக் கூட்டத்தில் ஒரு புது வழக்கம் ஒட்டிக்கொண்டதைக் கவனித்தேன். ரொசால்பா அந்தச் சொல்லை இழுப்பாள். அது முடியும் முன்பே, வரிசையில் நிற்கும் பிள்ளைகள் முள்கரண்டியைத் தூக்கி "பாஆம்!" என்று கத்துவார்கள். சரியாக நெவியோ நுழையும் இடத்தில், அவனைப் போலவே அவசரமாக. பிறகு பெரியவர்களும் கத்தினார்கள். ஜெம்மா யாருக்கும் சொல்லித்தரவில்லை. கேட்காதது போலவே உப்புத் தூவிக்கொண்டிருந்தாள். நெவியோ கடலில் இருந்ததால் அவனுக்கு இது தெரியாது.

எனக்கு ஒரு பயம். குளிக்க வருகிறவர்கள் கத்தி என்ன பயன்? அவர்களுக்குச் சிப்பி கிடையாது.

செப்டம்பர் வந்தது. சிப்பி போடும் ஞாயிறன்று மழை. கடல் பழுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. படகுகளையெல்லாம் மேலே இழுத்துக் கவிழ்த்துவிட்டோம். கரையில் வேலை செய்த அத்தனை பேரும் ஈரச் சட்டையோடு கடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மேசையில் பத்து அட்டை, பத்துத் தம்ளர். சிப்பி போடும் முன் பத்துப் பாட்டையும் ஒரு தடவை ஓடவிடுவது எங்கள் வழக்கம். நியாயம் வேண்டுமல்லவா?

சிவப்பு ஸ்கார்ஃப் ஓடியது. எல்லோரும் கூடவே பாடினார்கள். படகு ஓடியபோது ஒரெஸ்தேவுக்குக் கண் கலங்கியது. அவனுக்கு ஒவ்வொரு வருஷமும் கலங்கும்.

"ஏன் அழறே? உனக்குத்தான் படகுல ஏறினாலே வாந்தி வருமே," என்றாள் இனெஸ்.

"அழவைக்கிறதுதான் பாட்டு. நீ பாத்திரத்தோட இரு."

என் மஞ்சள் குடை ஓடியது. மெதுவான பாட்டு. ஒரு பெண் நிலையத்தில் காத்திருக்கிறாள், மழை நிற்கிறது, குடையை மடக்காமல் அப்படியே நிற்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. அதைவிட நல்லதை ரொசால்பா பாடியதில்லை. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

அடுத்தது சைக்கிள். முதல் வரி தொடங்கியதுமே நெவியோ தொப்பியை எடுத்தான். படகைக் கட்டிய கயிறு இறுக்கமாக இருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்றான்.

ஜெம்மா தன் மரப்பெட்டியிலிருந்து இறங்கி வந்து கதவின் முன்னால் நின்றாள். அவள் தலை அவன் மார்பளவுகூட வராது.

"வெளியே மழை," என்றாள்.

"நனைஞ்சா கரைஞ்சிட மாட்டேன்."

"கயிறை நான் காலையிலயே பார்த்துட்டேன். உட்காரு, நெவியோ. எல்லாப் பாட்டையும் கேட்டுட்டுத்தான் சிப்பி போடணும். நீ இத்தனை வருஷமா ஒண்ணைக் கேட்காமலே போட்டுட்டு இருக்கே. அது போங்கு."

"அது நியாயந்தான்," என்றான் ஒரெஸ்தே. நியாயம் என்று வந்தால் அவன் யார் பக்கமும் பேசுவான்.

நெவியோ உட்காரவில்லை. ஆனால் போகவும் இல்லை. தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, தண்டனை கேட்க நிற்கிறவன் மாதிரி சுவர்ப் பக்கம் பார்த்து நின்றான். ரொசால்பா பாடிக்கொண்டே போனாள். அந்தச் சொல் வந்தது. இழுத்தாள். அவன் தோள் மேலே ஏறுவதைப் பார்த்தேன்.

"பாஆம்!"

ஒரெஸ்தேதான் முதலில். கை தானாக மேலே போய்விட்டது, அதில் முள்கரண்டிகூட இல்லை. கூடவே இனெஸ், குடைக்காரர்கள், உடை மாற்றும் அறைகளைத் துடைக்கிற பெண்கள் என்று கடையே கத்தியது. ஒரு கோடை முழுக்க மதியம் மதியம் கத்திப் பழகிய வாய். ஒருவரும் யோசித்துச் செய்யவில்லை. கத்திய பிறகுதான் அறைக்குள் நெவியோ நிற்கிறான் என்பது எல்லோருக்கும் நினைவு வந்தது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

நெவியோ சுவரிலிருந்து திரும்பினான். "எல்லாரும் தப்பான இடத்துல கத்தினீங்க," என்றான்.

"நீ எங்க நுழைஞ்சியோ அங்கதான் கத்தினோம்," என்றாள் இனெஸ்.

"அது தப்பு. ஒரு மூச்சு பொறுத்து வரணும்."

"பொறுத்து வந்தா மீன் ஆறிடும்," என்றான் ஒரெஸ்தே. "அந்த இடத்துல எனக்கு வாயில எச்சில் ஊறுதுய்யா. இப்பவும் ஊறுது. ஜெம்மா, ஏதாச்சும் பொரிச்சிருக்கியா?"

சிரிப்பு கூரையைத் தட்டியது. ஜெம்மா சிரிக்கவில்லை. கதவை விட்டு நகராமல் நெவியோவையே பார்த்தாள்.

"முதல் தடவ உன்னை எங்க பார்த்தேன்னு நினைவிருக்கா?" என்றாள். "நடனக் கொட்டகையில. மேடையில யாரு இருக்கான்னு நான் திரும்பிக்கூடப் பார்க்கல. வேற ஒருத்தனோட ஆடிட்டிருந்தேன். யாரோ ஒருத்தன் அவசரக் குடுக்கையா முந்திக்கிட்டு ஊதினான். யாரடா அதுன்னு திரும்பினேன். ரெக்கார்டுல மட்டும் முந்தி வந்தவன் இல்ல நீ. எப்பவும் முந்தித்தான் வருவே. அந்த ரெக்கார்டுல இருக்கிறது நீதான். அதை நீ எறியறதுக்கு நான் விடமாட்டேன்."

சொல்லி முடித்ததும் ஒரெஸ்தே பக்கம் திரும்பினாள். "இது சிப்பி கேட்கிறது இல்ல. யாரையும் கேட்கல."

"கேட்கல," என்று ஒப்புக்கொண்டான் ஒரெஸ்தே.

மிச்சப் பாட்டுகள் ஓடின. பிறகு சிப்பி போட்டோம். நெவியோதான் முதலில் போனான். எல்லோரும் அவன் கையையே பார்த்தோம். தன் சிப்பி அத்தனையையும் சிவப்பு ஸ்கார்ஃபில் கொட்டினான், எப்போதும் போல. கண்ணாடிக்குள் அவை சடசடவென்று விழுந்தன. அவன் என் தம்பி, ஒரே பேச்சில் மாறுகிறவன் இல்லை. ஜெம்மா அதைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், அதுவும் சரிதான் என்பது போல. தன்னுடையதைச் சைக்கிளில் போட்டாள்.

என் முறை வந்தது. ஜெம்மா என்னைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவள் ஒரு கண்சாடை காட்டியிருந்தால்கூட நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. ஆனால் பாட்டு என்றால் பாட்டு. என் தம்பி வாசித்தான் என்பதற்காக ஒரு சுமாரான பாட்டை நான் தூக்கிவிட முடியுமா? நேரே போய் மஞ்சள் குடையில் கொட்டினேன். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

பிறகு மற்றவர்கள். ஒரெஸ்தே எப்போதும் எல்லாவற்றையும் படகுக்குப் போடுகிறவன். அன்று பாதியைப் படகில் போட்டு, மீதிக் கையைச் சைக்கிளுக்கு மேல் நீட்டி, ஒவ்வொன்றாக விழவிட்டான். இனெஸ் வெள்ளைக் கோட்டுக்குப் போட்டாள், கடைசி இரண்டைச் சைக்கிளில் போட்டாள். "தட்டு தேய்க்கிறப்போ கை நிக்குதுன்னு சொன்னேன்ல? கொஞ்சம் நின்னாத்தான் என்ன? ஓயாம தேய்ச்சு என்னத்தைக் கண்டேன்?" என்றாள். குடைக்காரர்களும் அறைப் பெண்களும் ஆளுக்கு ஒன்றிரண்டு கிள்ளிப் போட்டார்கள்.

ஒரெஸ்தே குனிந்து தம்ளர்களை அளந்தான். சிவப்பு ஸ்கார்ஃப் முதலிடம். அதை யாரும் அசைக்க முடியாது. இரண்டாவது வெள்ளைக் கோட்டு. பிறகு படகு, பிறகு மற்றவை. சைக்கிள் கீழிருந்து மூன்றாவதாக நின்றது. அது தப்பித்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் கீழே, என் சிப்பியைத் தவிர ஒன்றுமே இல்லாமல், மஞ்சள் குடை.

"ஃபோஸ்கா அக்கா…" என்று இழுத்தான் ஒரெஸ்தே.

"என்ன இழுவை? தோத்தா தோத்ததுதான். ஆனா உங்க யாருக்கும் காது இல்ல. அதையும் கேட்டுக்கோங்க."

ஜெம்மா வந்து என் தோளைப் பிடித்தாள். தட்டிவிட்டேன். அவள் வெற்றியில் எனக்குச் சந்தோஷம் இல்லையா? இருந்தது. ஆனால் அவள் சந்தோஷம் வேறு, என் கோபம் வேறு. இரண்டையும் ஒரே தம்ளரில் கொட்ட மாட்டேன்.

நெவியோ மஞ்சள் குடையை ஜூக்பாக்ஸிலிருந்து எடுத்தான். நானும் கூடப் போனேன். நல்ல பாட்டை வழியனுப்ப ஓர் ஆளாவது வேண்டாமா? கல்லணையில் மழை முகத்தில் அறைந்தது. முனைக்குப் போய் நின்றவன் எறியவில்லை. ரெக்கார்டைக் கோட்டுக்குள் வைத்து நனையாமல் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடியே பேசினான்.

"அக்கா. நான் முந்தித்தானே வந்தேன்?"

"ஆமா."

"மத்த நாலு பேரு பொழப்பும் போச்சு."

"போச்சா? நாலு பேரும் நல்லாத்தான் இருக்கானுங்க. ஒருத்தன் ராவென்னாவுல செருப்புக் கடை வச்சிருக்கான், போன மாசம் வந்து என் கையால பியாதீனா தின்னுட்டுப் போனான். உன்னைத்தான் விசாரிச்சான். நீ கடல்ல இருந்தே."

"என்ன கேட்டான்?"

"இன்னும் வாசிக்கிறானான்னு கேட்டான். பாட்டு வந்ததும் அவனும் சேர்ந்து 'பாஆம்'னு கத்தினான். எல்லாரையும் விடச் சத்தமா."

நெவியோ என் பக்கம் திரும்பினான். "இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா? மதியம் ஆனா படகுல ஏறி ஓடிடறே. கடலுக்குள்ள வந்தா சொல்வேன்? சரி, எறி. எனக்குக் குளிருது."

எறிந்தான். காற்று அதைத் தூக்கியது. ஒரு நொடி அந்தக் கறுப்புத் தட்டு சாய்ந்து நின்றது, பிறகு அலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. நான் சிலுவைக் குறி போட்டேன். அவன் சிரித்தான். அவன் தோள்கள் கீழே இறங்கியிருந்ததைப் பார்த்தேன்.

கடைக்குத் திரும்பியபோது எல்லோரும் போயிருந்தார்கள். ஜெம்மா எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நெவியோ ஈரத்தோடு முதல் மேசையில் போய் உட்கார்ந்தான்.

"ஜெம்மா. மீன் இருக்கா?"

"சீசன் முடிஞ்சாச்சு."

"சூடா ரெண்டே ரெண்டு."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கவிழ்த்த சட்டியை மறுபடி நிமிர்த்தினாள்.

அந்தக் குளிர்காலத்தில் கொட்டகையிலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. கித்தானுக்கடியில் கிடந்ததில் சாக்ஸபோனில் வாய் வைத்து ஊதும் நாணல் பட்டை பூஞ்சை பிடித்துப்போய், புதுசு வாங்கி மாட்டியிருந்தான். கொட்டகைப் பக்கத்து வாத்துகள் எல்லாம் பயந்து அடுத்த ஊர்க் கால்வாய்க்குக் குடிபெயர்ந்துவிட்டன என்று ஒரெஸ்தே புகார் சொன்னான். ஜெம்மா ஒரு நாளும் கொட்டகைக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கவில்லை. "பார்த்தா நிறுத்திடுவான்," என்றாள். சமையலறையில் நின்று மாவை இன்னும் கொஞ்சம் பிசைந்தாள், அவ்வளவுதான்.

அடுத்த ஜூனில் முதல் நாள். கொடி இறங்கியது. மீட்புப் படகு மணலிலேயே கிடந்தது. மஞ்சள் குடை இருந்த இடத்தில் ஏதோ ஒரு பச்சைத் தொப்பி ரெக்கார்டு வந்து உட்கார்ந்திருந்தது, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. ஜெம்மா முதல் கூடையைத் தூக்கி வடியவிட்டு, காசைப் போட்டு, ஓரப் பொத்தானை அழுத்தினாள். நெவியோ கழுத்தில் சாக்ஸபோனோடு ஜூக்பாக்ஸுக்குப் பக்கத்தில் நின்றான். குளிக்க வந்தவர்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். ரொசால்பா அந்தச் சொல்லைத் தொட்டாள், இழுக்கக்கூட ஆரம்பிக்கவில்லை.

"பாஆம்!" என்று நுழைந்தான் நெவியோ. ரெக்கார்டில் இருந்த தன்னையே முந்திக்கொண்டு.

"டேய், ரெக்கார்டையே முந்தறியே!" என்று கத்தினேன் நான்.

ஜெம்மா எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வரிசையில் முதலில் நின்றவரின் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இன்னொரு தட்டை நிரப்பி மேடை மேல் வைத்தாள்.

"இது அவனுக்கு," என்றாள். "சூடா இருக்கு. வாசிச்சு முடிக்கட்டும்."